முதலில் பெயர், அப்புறம் படகு

அமெரிக்காவின் தென்கரையில், வியட்நாமிலிருந்து வந்தவர்கள் இறால் பிடிக்கும் பிலாக்சி படகுத்துறையில் சந்தேகம் என்றால் லுவான்தான். ஐஸ்காரன் ஐஸை நனைத்து எடையைக் கூட்டுகிறான் என்று சண்டைக்குப் போனவர் அவர். ஐஸ் நனையாமல் பின்னே என்ன செய்யும் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "ஓஹோ, நீயும் அவன் கூட்டாளியா?" என்று அந்த ஆளோடு ஒரு இறால் பருவம் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை. கோயில் கூரை ஒழுகுகிறது என்று சாமியார் வசூலுக்கு வந்தால், இவர் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். சொந்த மகன் கியெத் கேசினோவில் சீட்டுப் போடுகிறவன். அவன் "அப்பா, மழை வரப் போகுது" என்றால், "சீட்டுக் கலைக்கிறவன் பேச்சை எவன் நம்புவான்" என்று குடையில்லாமல் போய்த் தொப்பலாக நனைந்து வருவார்.

கடலில் எண்ணெய் கசிந்த வருஷம் துறையில் அத்தனை பேரும் நஷ்ட ஈடு கேட்டு எழுதிப் போட்டார்கள். லுவான் மட்டும் போடவில்லை. "சும்மா எவனாவது குடுப்பானா? வாங்கினவனையெல்லாம் பின்னால வந்து பிடிப்பான் பாரு" என்றார். பின்னால் ஒருவரும் வரவில்லை. வாங்கியவர்கள் புது எஞ்சின் பூட்டினார்கள். இவர் பழைய எஞ்சினுக்குக் கம்பி கட்டிக் கட்டி ஓட்டினார்.

இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாய் என்று மற்ற பெண்கள் அவர் மனைவி தியெப்பைக் கேட்பார்கள். கிண்டலாகத்தான் கேட்பார்கள். அவளுக்கோ உண்மையாகவே பெரிய கஷ்டம் தெரியவில்லை. உலகத்தையே முறைத்துப் பார்க்கிறவர் அவளை மட்டும் முறைத்ததில்லை. மற்றவர் வீட்டில் காபி கொடுத்தால் மோந்து பார்ப்பார், இவள் கையால் கொடுத்தால் பார்க்காமலே வாயில் ஊற்றிக்கொள்வார். படகு வாங்கியபோது அதன் காகிதம் அத்தனையிலும் அவள் பெயரைத்தான் போட்டார். "எம் பேர்ல இருந்தா ஒரு நாள் வந்து பிடுங்கிடுவானுங்க. பொம்பளை பேர்ல இருந்தா யோசிப்பானுங்க" என்பது அவர் கணக்கு. படகின் நெற்றியிலும் 'மிஸ் தியெப்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். படகு தன்னுடையது என்ற நினைப்பே தியெப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த வசந்தத்தில் தொல்லை தொலைக்காட்சி வழியாக வந்தது. துறையில் காபிக்கடை ஒன்று இருக்கிறது. அடியில் கெட்டிப்பால் ஊற்றி, மேலே சொட்டுச் சொட்டாகக் கறுப்புக் காபி இறங்கும்வரை ஆண்கள் உட்கார்ந்து வம்பளக்கிற இடம். அன்றைக்குச் செய்தியில், மெக்சிகோ வளைகுடாவை இனி அமெரிக்க வளைகுடா என்றே அழைக்க வேண்டும் என்ற மசோதா கீழவையில் தேறிவிட்டது என்றார்கள். ஏற்கெனவே குளிர்காலத்தில் ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவு என்றால் அடுத்து வருகிற அதிபர் கிழித்துவிடலாம் அல்லவா? அதனால் சட்டமாகவே ஆக்கப் போகிறார்களாம். மேலவை மட்டும் பாக்கி.

பக்கத்துப் படகுக்காரன் தோவானுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன லுவான் மாமா, நம்ம கடலுக்குப் பேர் வெக்கிறாங்களாம். விருந்துக்கு நம்மளைக் கூப்பிடுவாங்களா?"

"பேர் மாத்தினா இறால் விலை ஏறுமான்னு கேட்டுச் சொல்லுங்கடா" என்றார் இன்னொருவர்.

"இறாலுக்கே தெரியாதுய்யா அது எந்தக் கடல்ல இருக்குதுன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கு முட்டை கொடுக்க வந்திருந்த தியெப்பும் சிரித்துவிட்டாள். லுவான் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்தார்.

"சிரிங்க, சிரிங்க. எங்க ஊர்லயும் ஆட்சி மாறினப்ப இப்படித்தான் சிரிச்சாங்க. சைகோனுக்குப் பேர் மாத்தினப்ப என்ன, பலகைதானே மாத்தறான், எழுதிட்டுப் போறான்னாங்க. அப்புறம் என்ன மாத்தினான்? பணத்தை மாத்தினான். நேத்து வரைக்கும் செல்லின நோட்டு மறுநாள் அடுப்புக்கு ஆச்சு. அப்புறம்? மீன் பிடிக்கிற போட்டை எண்ணிக்க வந்தான். சும்மா எண்ணிக்கிறோம்னுதான் சொன்னான். எங்கப்பா நம்பினாரு. எங்கப்பா போட்டு இப்ப எங்க?"

"அது அங்க மாமா. இங்க எப்படி—"

"முதல்ல பேரு. அப்புறம் போட்டு. எங்க ஆனாலும் இதுதான்டா வரிசை."

தோவான் விடவில்லை. "சரி, கடலுக்குப் பேர் மாத்தி அவங்களுக்கு என்ன லாபம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நாம பேர் மாத்தினா எதுக்கு மாத்துவோம்? ஒளிக்கிறதுக்கு! தலைப்பிள்ளையை எவனாவது ஒண்ணாவதுன்னு கூப்பிடறானா? ரெண்டுன்னுதானே கூப்பிடறோம்? முதல் பிள்ளையைத் தேடி வர்ற பேய் ஏமாந்து போகட்டும்னு. நாம பேய்கிட்டேருந்து ஒளிக்கிறோம். இவனுங்க எதை, யார்கிட்டேருந்து ஒளிக்கிறானுங்க?"

அவர் வாயிலிருந்து தலைப்பிள்ளை என்ற சொல் வந்ததும் வயதானவர்கள் தியெப்பைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது. வியட்நாமில் வுங் தாவுக்குப் பக்கத்து மீனவ ஊரிலிருந்து லுவானும் தியெப்பும் படகில் தப்பிக் கிளம்பியபோது மடியில் ஒரு பையன் இருந்தான். ரெண்டு என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். படகில் தண்ணீர் தீர்ந்தது, எஞ்சின் நின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மலேசியக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது மடி காலியாக இருந்தது. பேய் ஏமாந்ததோ என்னவோ, கடல் ஏமாறவில்லை. கியெத் இங்கே பிறந்தவன். அவனை மூன்று என்று கூப்பிடுகிறார்கள். எண்ணிக்கையில் அந்த முதல் பிள்ளைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு லுவானுக்குப் பார்க்கிற இடமெல்லாம் அடையாளமாகவே தெரிந்தது. ரேடியோவில் கடல் வானிலை சொல்லும் குரல் புதுப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. அன்றோடு ரேடியோவை அணைத்தார். அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்பதைக்கூடக் கேட்காமல் கடலுக்குப் போனார். மசோதாவில், எல்லா வரைபடங்களையும் காகிதங்களையும் திருத்த வேண்டும் என்று ஒரு வரி இருப்பதாகக் கியெத் வாய் தவறிச் சொல்லிவிட்டான். "போட்டுக் காகிதம் மட்டும் காகிதம் இல்லையா? திருத்தறேன்னு வாங்குவான். திருப்பித் தருவான்னு எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று அவனைப் பிடித்துக்கொண்டார். கியெத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

போதாக்குறைக்கு மீன்வளத்துறையிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். எங்கெங்கே வலை இழுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியைப் படகுகளில் மாட்டிப் பார்க்கிறார்களாம், விருப்பப்பட்டவர்கள் மாட்டிக்கொள்ளலாமாம். நல்ல பையன். லுவானுக்கு வியட்நாமிய மொழியிலேயே வணக்கம் வேறு சொன்னான். அதுதான் தப்பாகப் போயிற்று.

"நம்ம பாஷை இவனுக்கு எதுக்கு?" என்றார் லுவான் வீட்டுக்கு வந்து. "யாரு சொல்லிக் குடுத்தா? எவ்வளவு நாளா கத்துக்கிட்டிருக்கானுங்க?"

"மரியாதைக்குச் சொல்லியிருப்பான்ங்க" என்றாள் தியெப்.

"பார்த்தியா? எண்ண வந்துட்டான். நான் சொன்ன வரிசைதான்." அவர் முகத்தில் பயம் தெரிந்தது. கூடவே சொன்னது நடக்கிறதே என்ற ஒரு தெம்பும் தெரிந்தது. தியெப்புக்கு அந்தத் தெம்புதான் பிடிக்கவில்லை.

இத்தனை வருஷம் மற்றவர்கள் மேல்தான் அவர் சந்தேகப்பட்டார். இப்போது தியெப்புக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. காரணம் அரிசி. மூட்டையில் இருக்க வேண்டிய அளவு இல்லை. எலி என்றால் நாலு அரிசியாவது சிந்தியிருக்கும். அடுத்துச் சர்க்கரை குறைந்தது. பின்வாசல் மரத்தில் எலுமிச்சை பறித்த காம்புகள் தெரிந்தன, ஆனால் வீட்டில் ஒரு பழம் இல்லை. கேட்டால், "துறையில பசங்களுக்குக் குடுத்தேன்" என்றார். லுவானாவது, யாருக்காவது எதையாவது கொடுப்பதாவது!

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. கண்ணில் புரை விழுந்து மூன்று கோடையாக அவருக்குப் பார்வை மங்கல். டாக்டரிடம் போங்கள் என்று கெஞ்சாத ஆள் இல்லை. "கண்ணை எடுத்துட்டுக் கண்ணாடிக் குண்டு வெச்சிடுவான்" என்று ஓட்டிவிட்டவர், ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு, "மூணு, அந்த மொபீல் ஊர்ல இருக்கிற கண்ணு ஆஸ்பத்திரியில நாள் வாங்கு. சீக்கிரமா வாங்கு" என்றார். கியெத் சந்தோஷத்தில் குதித்தான். தியெப் மட்டும் யோசித்தாள். இந்த மனுஷனுக்கு நல்ல கண் எதற்கு இவ்வளவு அவசரமாக வேண்டும்?

மறுநாள் அவர் வலைக்கடைக்குப் போனதும் அவள் துறைக்குப் போய்ப் படகில் ஏறினாள். வாசனைதான் முதலில் வந்தது. வறுத்த அரிசி வாசனை. படகின் சின்ன அடுப்பில் அரிசியை வறுத்து, இடித்து, டப்பா டப்பாவாக அடைத்து வைத்திருந்தார். சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர்க் கேன்கள், மூட்டை கட்டிய பழைய துணி எல்லாம் தளத்துப் பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தன. இந்த மூட்டை எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அன்று ஊரை விட்டுக் கிளம்பியபோதும் இதையேதான் கட்டினார்கள். அரிசி மாவு வாயில் ஒட்டாமலிருக்க எலுமிச்சை, மயக்கம் வராமலிருக்கச் சர்க்கரை. அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "எங்க போறதா உத்தேசம்?"

அவர் மீனின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டு, திருப்பிப் போடாமல் முள்ளை நோண்டிக்கொண்டிருந்தார். படகுக்காரன் மீனைத் திருப்பிப் போட்டால் படகு கவிழும் என்று கரையில்கூடத் திருப்ப மாட்டார். "பார்த்துட்டியா" என்றார். கோபமே இல்லை. சொல்லாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறவர் போலத்தான் இருந்தார். "எதிர்க்கரைக்கு. அங்க இன்னும் பழைய பேருதான்."

"மெக்சிகோவுக்கா? அங்க யாரைத் தெரியும் உங்களுக்கு?"

"இங்க யாரைத் தெரிஞ்சு வந்தோம்?"

"எப்போ?"

"மேலவையில கை தூக்கின அன்னிக்கு. கண்ணு சரியாயிடும் அதுக்குள்ள. உன் துணி எடுத்து வெச்சிட்டேன், நீ ஒண்ணும் தூக்க வேணாம்."

"நான் வரலைன்னா?"

அவர் சிரித்தார். நிஜமாகவே வேடிக்கையான பேச்சைக் கேட்டது போல. "நீ வராம நான் எங்க போயிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு மீனில் நல்ல துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

தியெப் அந்தத் துண்டைத் தின்னவில்லை. கம்பி கட்டின எஞ்சின், அணைத்துவைத்த ரேடியோ, எழுபதை நெருங்கும் இரண்டு கிழங்கள், நடுவில் கடல். சொன்னால் கேட்கிற ஆளா? சொல்லிப் பார்த்தவர்கள் எல்லாம் எதிராளிகள் ஆனார்கள். இன்னொரு தடவை ஒரு படகில் உட்கார்ந்து கரை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அவர் தனியாகப் போவதைக் கரையிலிருந்து பார்க்கவும் முடியாது. படகு இருந்தால் அவர் போவார். அவ்வளவுதான்.

அவள் கியெத்தைக் கூப்பிட்டு, படகை விற்றுவிடலாம் என்றாள். அவன் முதலில் அழுதான், பிறகு படகை வாங்க டெக்சாஸில் ஒருவரைப் பிடித்தான். க்வீ என்று பெயர், அவரும் வியட்நாம்காரர்தான், இறால் பிடிக்கிறவர். காகிதத்தில் அவள் பெயர் மட்டுமே இருந்தது. அவள் கையெழுத்து மட்டுமே தேவைப்பட்டது. லுவானின் யோசனை அவருக்கே குழி வெட்டி வைத்திருந்தது. கண் ஆபரேஷனுக்குக் கியெத் அவரை மொபீலுக்கு அழைத்துப்போகிற அன்றைக்கே படகை எடுத்துப் போகலாம் என்று முடிவானது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு" என்றான் கியெத். "அப்பா வந்து பார்த்தா அரசாங்கம்தான் எடுத்துட்டுப் போச்சுன்னு நினைப்பாரு. நினைச்சுக்கட்டும். நீ வாயைத் திறக்காதே. தான் சொன்னது பலிச்சுதுன்னு கடைசிவரைக்கும் சந்தோஷமா இருப்பாரு. துறையிலயும் எல்லார்கிட்டேயும் சொல்லி வெச்சிடறேன்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சும்மா இருன்னு சொல்றேன்."

அன்றைக்குக் காலையில் அப்பாவும் மகனும் காரில் கிளம்பியதும் தியெப் படகுக்குப் போய் அரிசி மாவையும் சர்க்கரையையும் எலுமிச்சையையும் இறக்கினாள். தோவான் வந்து தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக் கொடுத்தான். கேலி பேசாத தோவானை அன்றுதான் பார்த்தாள். டெக்சாஸ்காரர் க்வீ நல்ல மாதிரி. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால், "போட்டு பேரை மாத்த மாட்டேன் அக்கா. மாத்தினா ஆகாது. உங்க பேர்லயே ஓடட்டும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மிஸ் தியெப் பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பியது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. காலியான இடத்துக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து, சும்மா இருப்பதா சொல்வதா என்று அவர் வருகிறவரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு கண்ணில் கட்டோடு காரிலிருந்து இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும், துறையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அடம் பிடித்திருப்பார். கியெத் பின்னால் பிடிக்க ஓடி வந்தான். லுவான் நடந்து வந்து, நின்று, காலி இடத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தண்ணீரைக்கூடக் குனிந்து பார்த்தார்.

"பார்த்தீங்களாடா!"

துறை முழுக்கக் கேட்டது. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"பார்த்தீங்களா? சொன்னேனா இல்லையா? மேலவை கை தூக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டானுங்க! டேய் தோவான், விருந்து கேட்டியே, இந்தா விருந்து! என்னோடது போச்சு, அடுத்தது உன்னோடது. கிழவன் உளர்றான்னீங்களே. யாருடா உளர்றது இப்போ?"

கத்தினார், கையை ஆட்டினார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். படகு பறிபோன மனுஷனைப் போலவே இல்லை. பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். தோவான் கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். கியெத் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

தியெப்புக்கு அவரை அப்படியே விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் இனி எவன் எந்தக் காகிதத்தோடு வந்தாலும், எந்தப் பையன் வணக்கம் சொன்னாலும், இந்த மனுஷன் நடுங்கிக்கொண்டே சாக வேண்டுமா? அவள் செய்ததற்கு இவர் ஊரையெல்லாம் திட்ட, அவளே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? பெட்டியிலிருந்து எழுந்தாள்.

"என்னங்க. யாரும் எடுக்கல. நான்தான் வித்தேன்."

அவர் நின்றார்.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். டெக்சாஸ்காரருக்கு வித்துட்டேன். நீங்க கடல்ல போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். ஒரு பிள்ளையைக் குடுத்தது போதும், உங்களையும் குடுக்க முடியாது என்னால."

அடிப்பாரோ, திட்டுவாரோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாரோ என்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் அவள் தயாராக இருந்தாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து, துறையில் இருப்பவர்களுக்கு அவள் முகம் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யாரு வந்து மிரட்டினது?"

"ஐயோ, யாரும் மிரட்டலைங்க. நானாத்தான்—"

"சரி, சரி. இப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்திருக்கானுங்க. பயப்படாதே. நான் இருக்கேன்ல?" அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சுடச்சுட இருந்தது. "இங்க வேணாம், எல்லாரும் பார்க்கிறானுங்க. வீட்டுக்குப் போய் மெதுவாச் சொல்லு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் அங்கேயே வாய்விட்டு அழுதாள். அழுகையைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. அவளை அணைத்தபடியே திரும்பி, தோவானை, வலை தைக்கிறவர்களை, காபிக்கடை வாசலில் நின்றவர்களை, கடைசியில் சொந்த மகனை, ஒருவர் விடாமல் அந்த ஒற்றைக் கண்ணால் முறைத்துப் பார்த்தார். தியெப் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. விடுவித்துக்கொண்டால் இந்த உலகத்தில் அவர் நம்புவதற்கு ஒரு ஆள்கூட இருக்காது.